கட்டாத வீட்டில் ஓர் அறை

கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியும் ஷரபுன்னிசாவின் குரல் எப்படி இருக்கும் என்று அவள் கணவன் அப்துல் சலாமுக்குச் சரியாகத் தெரியாது. அவனிடம் அவள் பேசியதெல்லாம் கிசுகிசுப்பாகத்தான். பாலக்கரையில் அவர்களுடைய வீடு பெரிய வீடுதான். ஆனால் அம்மா ரஷீதா, அண்ணன் நிஜாமுதீன் குடும்பம், பெரியத்தா குடும்பம், புருஷனை இழந்து வந்த ஒரு அத்தை என்று ஆட்கள் வீட்டைவிடப் பெருகியிருந்தார்கள். புதுத் தம்பதிக்கு, நெல் வைக்கும் அறையை ஒரு தடுப்புச் சுவரால் இரண்டாக்கி ஒரு பாதியைக் கொடுத்திருந்தார்கள். சுவர் உத்தரம் வரை எழவில்லை. அந்தப் பக்கம் யாராவது புரண்டு படுத்தால் இந்தப் பக்கம் பாய் சரசரப்பது போலிருக்கும்.

ஷரபுன்னிசா துவரங்குறிச்சியில் வளர்ந்தவள். வயலுக்கு அந்தக் கரையில் நிற்பவரை இந்தக் கரையிலிருந்தே கூப்பிடக்கூடிய குரல் அவளுக்கு இருந்தது. பாலக்கரைக்கு வந்த முதல் வாரத்திலேயே அதை மடித்து வைத்துவிட்டாள்.

சலாமும் அண்ணனும் பெரிய கடைவீதியில் தோல் சாமான் கடை வைத்திருந்தார்கள். நாற்பத்தாறாம் வருஷம் பங்குனியில், வேட்டிக்கு மேல் கோட்டு போட்ட ஒருவர் கடைக்கு வந்து, ஒரு ஆள் கை நீளத்துக்குத் தோலில் குழாய் செய்து தர முடியுமா என்று கேட்டார். பெயர் அழகிரி, ஊர் ஸ்ரீரங்கம்.

"உள்ளே என்ன வைக்கப் போறீங்க?" என்று கேட்டான் சலாம்.

"கட்டிடங்க" என்றார் அவர். பிறகு சிரித்தார். "படமாத்தான். சுருட்டி எடுத்துட்டுப் போக."

குழாய் தயாரானதும் சலாமே அதைக் கொண்டுபோய்க் கொடுத்தான். கண்டோன்மெண்ட் பக்கம், காலமாகிப் போன ஒரு ஜமீன்தாரின் பங்களாவை மியூசியமாக ஆக்கியிருந்தார்கள். கீழே பாடம் செய்த சிறுத்தை, பழங்காசுகள், யாருடையது என்று எழுதிவைக்காத ஒரு சிம்மாசனம். மாடிப்படியின் அருகில் ஒரு பலகை: 'கட்டப்படாத கட்டிடங்கள்'.

அழகிரி பம்பாயில் கட்டிடக்கலை படித்து ஊர் திரும்பிய வருஷம்தான் யுத்தம் ஆரம்பித்தது. சிமெண்டும் இரும்பும் யுத்தத்துக்குப் போய்விட்டன. வேலை கொடுத்தவர்கள் எல்லாம் கொஞ்சம் பொறுப்போம் என்றார்கள். அவர் பொறுத்துக்கொண்டே வரைந்தார். யுத்தம் முடிந்தும் பர்மிட் இல்லாமல் ஒரு மூட்டை சிமெண்ட் நகரவில்லை. வரைந்தது மாடி முழுவதும் மாட்டும் அளவுக்குச் சேர்ந்துவிட்டது.

சலாம் குழாயைக் கையில் வைத்துக்கொண்டே சுவரோரமாக நடந்தான். தெப்பக்குளத்தின் பக்கத்தில் ஒரு சினிமாக் கொட்டகை, கப்பலின் முன்முனை போல வளைந்து நின்றது. பஸ்கள் வந்து நிற்பதற்குக் கொக்கு சிறகு விரித்தது போல ஒரு கூரை. உறையூரில் பெண்கள் உட்கார்ந்து படிக்க ஒரு கண்ணாடிக் கூடம். அதைச் சுற்றித் தண்ணீர். எல்லாப் படங்களிலும் மலைக்கோட்டை தூரத்தில் இருந்தது. மற்றதெல்லாம் வெள்ளை, நிழல்கள் மட்டும் மெல்லிய நீலம். தெருவில் முகமில்லாத மனிதர்கள் அவசரமில்லாமல் நடந்தார்கள். தான் தூங்கிக்கொண்டிருந்தபோது ஊர் மட்டும் எழுந்து எங்கோ போய்க் குளித்துவிட்டு வந்தது போல அவனுக்குத் தோன்றியது.

ஏழாவது படத்தின் முன்னால் அவன் நின்றுவிட்டான். ஸ்ரீரங்கத்தில் காவிரிக்கரையில் ஒரு வீடு. சின்ன வீடுதான். உருண்டைத் தூண்களின் மேல் தரையிலிருந்து எழும்பி, தென்னை மரங்களின் நடுவே நின்றது. ஓடு கிடையாது, தட்டையான கூரையில் செடிகள். ஆற்றைப் பார்த்த சுவர் முழுவதும் ஒரே நீளமான ஜன்னல். அந்த ஜன்னலில் முகமில்லாத ஒரு பெண் சாய்ந்து நின்றாள்.

"இது யாருக்குங்க?"

"எனக்குத்தான் வரைஞ்சேன்" என்றார் அழகிரி. "ஆத்தங்கரையில ஒரு தோப்பு இருக்கு. வீட்டுல ஒத்துக்கலை. பெருமாள் எழுந்தருளாத எடத்துல எனக்கு எதுக்கு வீடுன்னு ரங்கநாயகி கேட்டா. சித்திரை வீதியை விட்டு வரமாட்டேன்னுட்டா. அவ சொல்றதும் சரிதான். புறப்பாடு வாசல் வழியாப் போறதைப் பார்த்தே வளர்ந்தவ."

குறையாகச் சொல்லவில்லை. குழாயை வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு, வேலை நன்றாக இருக்கிறது என்றார்.

அன்று சாயங்காலம் ஷரபுன்னிசா மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். சலாம் மேலே வந்தான். பகலில் மனைவியைத் தேடி மாடிக்கு வருவது அந்த வீட்டில் வழக்கமில்லை. அதனால் அவள் கொஞ்சம் பயந்தாள்.

"இன்னைக்கு ஒரு வீடு பாத்தேன்" என்றான் அவன்.

"யாரு வீடு?"

"யாரு வீடும் இல்லை. இன்னும் கட்டலை. கட்டவும் மாட்டாங்க போலிருக்கு."

"அப்புறம் எப்படிப் பாத்தீங்க?"

அவன் கொடியில் தொங்கிய போர்வையை விரித்துப் பிடித்து, இந்த அகலத்துக்கு ஜன்னல் என்று காட்டினான். அந்தப் பக்கத்திலிருந்து அவள் போர்வையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

செவ்வாய்க்கிழமை மியூசியத்தில் பெண்கள் மட்டும் வரும் நாள். அண்ணன் மனைவி வஹீதாவுக்குச் சிறுத்தையைப் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. ரஷீதா, "செத்த காலேஜுல போய் என்னத்தைப் பாக்கப் போறீங்க" என்று, மியூசியத்துக்கு ஊரில் வழங்கிய பேரைச் சொல்லி முணுமுணுத்தாலும் போகச் சொன்னாள். துப்பட்டி போர்த்திக்கொண்டு, திரை கட்டிய ஜட்காவில் இருவரும் போனார்கள். வஹீதா சிறுத்தையின் முன்னால் நின்றபோது ஷரபுன்னிசா மாடி ஏறினாள்.

மேலே அக்னஸ் என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட வேலைக்குக் காத்திருந்தவள், அதுவரை செவ்வாய்க்கிழமைகளில் படங்களைப் பார்த்துக்கொள்ள இங்கே வந்தாள். ஏழாவது படத்துக்குக் கீழே இன்னொரு தாள் இருந்தது. அதில் வீடே இல்லை, கோடுகள்தான் இருந்தன. ஷரபுன்னிசா அதையே பார்ப்பதைக் கண்டு அக்னஸ் எழுந்து வந்தாள்.

"கூரையை எடுத்து ஓரமா வச்சிட்டு, பறவை பாக்கிற மாதிரி மேலேருந்து பாருங்க" என்றாள். "தடியான கோடு சுவர். கோடு விட்டுப்போன எடம் வாசல். இந்த வளைவு கதவு திறக்கிற வழி."

"கதவு எல்லா அறைக்கும் இருக்கா?"

"எல்லாத்துக்கும் இருக்கு."

ஷரபுன்னிசா விரலைத் தாளில் படாமல் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். படி வட்டமாக ஏறியது. ஏறி முடித்ததும் கூடம். கூடத்தில் வெளிச்சம் இருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று திரும்பினால் ஆறு. இடது பக்கம் அடுப்படி, அதற்கும் தனி ஜன்னல். ஆற்றைப் பார்த்த பெரிய அறை. அதை ஒட்டிக் கிழக்கே ஒரு சின்ன அறை. அந்தச் சின்ன அறைக்குள் போய் அவள் நின்றாள். அங்கே ஒன்றுமே இல்லை. பெட்டி இல்லை, மூட்டை இல்லை, மடித்து வைத்த பாய் இல்லை. காலடியில் தூண்களுக்கு நடுவே காற்று போவது தெரிந்தது. வஹீதா கீழேயிருந்து கூப்பிட்டது ரொம்ப தூரத்தில், அக்கரையில் யாரோ துணி தப்புவது போலக் கேட்டது.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் அவர்கள் மாடியில் அந்த வீட்டுக்குப் போனார்கள். கட்டில் எங்கே போடுவது என்று பேசினார்கள். அவன் ஜன்னலோரம் என்றான். மாசியில் பனி அடிக்கும் என்றாள் அவள். கூரையில் மல்லிகை வைப்பதா, கத்தரி வைப்பதா என்று இரண்டு நாள் ஓடியது. ஒரு நாள் அவன் கடையிலிருந்து வந்து, "இன்னைக்கு ஆத்துல தண்ணி வந்திடுச்சு போலிருக்கு, சத்தம் கேட்டுச்சா?" என்று கேட்டான். "மத்தியானமே கேட்டுச்சு" என்றாள் அவள். அவளுக்குள் அவ்வளவு வேடிக்கை உண்டு என்று அவனுக்கு அதுவரை தெரியாது. கனவில் வரும் ஆள் போல இருந்தவள், இல்லாத ஒரு வீட்டுக்குள் போனதும் நிஜமான ஆளாகிவிட்டாள்.

சண்டையும் அங்கேதான் வந்தது.

"கிழக்கால இருக்கிற சின்ன அறையில அம்மா இருக்கட்டும்" என்றான் சலாம். "பஜ்ரு தொழுகைக்கு எந்திரிச்சா வெளிச்சம் அங்கதான் மொதல்ல வரும்."

ஷரபுன்னிசா கையிலிருந்த துணியை மறுபடி உதறி மடித்தாள்.

"என்ன?"

"அந்த அறை சும்மா இருக்கட்டுமே."

"சும்மான்னா? என்ன வைக்கப் போறே?"

"ஒண்ணும் வைக்கப் போறதில்லை. காலியா இருக்கணும். போய் நின்னா ஒண்ணுமே இருக்கக் கூடாது."

அவனுக்கு அது புரியவில்லை. அம்மாவை வேண்டாம் என்கிறாள் என்று மட்டும் புரிந்தது. "எங்கம்மாவுக்கு இடமில்லாத வீட்டுல எனக்கு என்ன வேலை?" என்று குரலை உயர்த்திக் கேட்டுவிட்டுக் கீழே போனான்.

அடுத்த நாள் அவன் மாடிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அவள் துணிகளை எடுத்து மடித்து, இருட்டும் வரை அங்கேயே நின்றுவிட்டு இறங்கினாள். இல்லாத வீட்டின் ஓர் அறைக்காக இருக்கிற வீட்டில் இருவரும் முகம் பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

மாடியில் உயர்ந்த குரலை வஹீதா கேட்டிருந்தாள். அவள் கெட்டவள் இல்லை, பயந்தவள். கொழுந்தன் ஆற்றங்கரையில் வீடு பார்த்துவிட்டான், கட்டில் போடுகிற இடம் வரை பேச்சு முடிந்துவிட்டது, அதில் மாமிக்கு இடமில்லையாம் என்று ரஷீதாவிடம் சொல்லிவிட்டாள். ரஷீதா கேட்டுக்கொண்டு, அரிசியைப் புடைத்து முடித்தாள். பிறகு சலாமைக் கூப்பிட்டாள்.

"தனிக்குடித்தனம் போறதுன்னா சொல்லிட்டுப் போ. யாரும் தடுக்கப் போறதில்லை."

"அம்மா, அது படம். காயிதத்துல வரைஞ்ச வீடு."

"காயிதத்துல இருக்கிற வீட்டுக்கா புருஷனும் பொண்டாட்டியும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?"

அருகில் நின்ற நிஜாமுதீன், "இவன் சொல்றது நம்புற மாதிரியா இருக்கு?" என்று அம்மாவைப் பார்த்தான். ரஷீதா மருமகளிடம் திரும்பினாள்.

"செவ்வாக்கிழமை ஜட்காவுக்குச் சொல்லு. நான் வந்து பாக்கிறேன்."

அந்தச் செவ்வாய்க்கிழமை ரஷீதா சிறுத்தையின் பக்கம் திரும்பவேயில்லை. முழங்கால் வலியோடு நின்று நின்று மாடி ஏறினாள். மேலே வந்ததும் அக்னஸ் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து ஏழாவது படத்தின் எதிரில் போட்டாள். ரஷீதா துப்பட்டியை முகத்திலிருந்து தள்ளிவிட்டு வெகுநேரம் பார்த்தாள்.

"வீடு எதுக்கு இப்படிக் கால் மேல நிக்குது?"

"ஆத்துல வெள்ளம் வந்தா கீழே போயிடும் மாமி. வீடு நனையாது" என்றாள் ஷரபுன்னிசா.

"இருபத்துநாலாம் வருஷம் வந்துச்சே, அப்படி வந்தா?"

"அதுக்குத்தான்னு சொல்றாங்க."

ரஷீதா தலையாட்டினாள். அந்த வெள்ளத்தை அவள் பார்த்தவள். கட்டியவன் யோசனை உள்ளவன்தான் என்பது போல இருந்தது அந்தத் தலையாட்டல். ஷரபுன்னிசா கீழ்த்தாளைக் காட்டி, கூரையை எடுத்து ஓரமாக வைக்கச் சொல்லி, படி ஏறுவதிலிருந்து ஆரம்பித்தாள். கூடம், அடுப்படி, பெரிய அறை. விரல் கிழக்குப் பக்கம் வந்து நின்றது.

"என் அறை எது?"

"இதுன்னு அவங்க சொன்னாங்க."

"நீ என்ன சொன்னே?"

அக்னஸ் ஜன்னல் பக்கம் போய், வெளியே பார்ப்பது போல நின்றுகொண்டாள்.

"ஒண்ணும் வைக்க வேண்டாம்னேன் மாமி. காலியா இருக்கட்டும்னேன். உங்களை வேண்டாம்னு சொல்லலை. அங்க யாருமே இல்லாம, எதுவுமே இல்லாம ஒரு இடம் வேணும்னு இருந்துச்சு. ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலை."

பன்னிரண்டு வயதில் அந்தப் பாலக்கரை வீட்டுக்குள் வந்தவள் ரஷீதா. வந்த நாள் முதல் ஒரு கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்ததாக அவளுக்கு நினைவில்லை. பிள்ளை பெற்றபோதும், புருஷன் மௌத்தானபோதும்கூட அறை முழுக்க ஆட்கள்தான். படத்திலிருந்த ஜன்னலை, அதில் சாய்ந்து நின்ற முகமில்லாத பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியிலிருந்து வேப்பம்பூ வாசனை உள்ளே வந்தது.

"காலியாவே இருக்கட்டும்" என்றாள் கடைசியில். "நான் எப்பவாச்சும் வர்றப்ப அதுல வந்து செத்த நேரம் ஒக்காந்துக்கிறேன். நான் ஒக்காந்தா காலி இல்லைன்னு ஆயிடுமா?"

"ஆவாது மாமி."

"பேசமாட்டேன். சும்மாதான் ஒக்காந்திருப்பேன்."

ஷரபுன்னிசா அழுதுவிட்டாள். எதற்காக என்று மாமியார் கேட்கவில்லை. இறங்கும்போது மட்டும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

அன்று சாயங்காலம் சலாம் மாடிக்கு வந்தான். அம்மா எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவன் வெகுநேரம் கொடியில் இல்லாத துணியைத் தேடுவது போல நின்றான்.

"காலி அறைன்னா என்னன்னு எனக்கு அன்னைக்குப் புரியலை" என்றான்.

"இப்பப் புரிஞ்சுதா?"

"இல்லை. அம்மாவுக்குப் புரிஞ்சிருக்கு. அது போதும்."

அவள் சிரித்தாள். பக்கத்து மாடியில் வத்தல் எடுத்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்க்கும்படி இருந்தது அந்தச் சிரிப்பு.

சித்திரை பிறந்து சில நாட்களில் படங்களைக் கழற்றினார்கள். அழகிரி அவற்றைப் பம்பாய்க்கு எடுத்துப் போக இருந்தார். அங்கே யாரோ பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தோல்குழாய்க்கு வார் தைக்கக் கடைக்கு வந்தபோது, சலாம் தயங்கித் தயங்கி அந்தத் தோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டான். வீட்டில் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்றான்.

அழகிரி அவனை நிமிர்ந்து பார்த்தார். "பாக்கிறதுக்கு அங்க ஒண்ணும் இல்லையே. நாலஞ்சு முளைக்குச்சி அடிச்சு வச்சேன். இருக்கோ இல்லையோ."

"பரவாயில்லைங்க."

அவர் வழி சொன்னார். மேலூர் போகிற பாதை, வாழைத்தோட்டம் தாண்டி, ஆற்றுப் பக்கம் திரும்பினால் தென்னை. காவல்காரன் கேட்டால் தன் பெயரைச் சொல்லச் சொன்னார்.

ரஷீதாவும் சேர்ந்து மூன்று பேரும் ஒரு பிற்பகல் போனார்கள். பாலத்தைத் தாண்டும்போது காவிரி மணலாகக் கிடந்தது; நடுவே இரண்டு கோடாகத் தண்ணீர். ஸ்ரீரங்கத்தில் தேர்த் திருவிழாவுக்குக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. ஜட்கா அதையெல்லாம் விட்டு விலகி வாழைகளுக்குள் போனதும் சத்தம் அடங்கியது. தோப்பில் யாரும் இல்லை. குச்சிகள் பாதிக்கு மேல் சாய்ந்திருந்தன. ஷரபுன்னிசா துப்பட்டியை இறக்கி இடுப்பில் சுற்றிக்கொண்டாள். ஒரு குச்சியருகே நின்று சுற்றிலும் பார்த்தாள். பிறகு நடந்தாள்.

"படி இங்க" என்றாள். அது கிசுகிசுப்பு இல்லை. "கூடம் இது. ஆத்தைப் பாருங்க, ஜன்னல் அந்த மரத்துலேருந்து இந்த மரம் வரைக்கும்."

"என் அறை?" என்றாள் ரஷீதா.

"இங்கதான் மாமி. ஆனா தரையில இல்லை, தலைக்கு மேல."

ரஷீதா அண்ணாந்து பார்த்தாள். தென்னங்கீற்றுகளுக்கு நடுவே வானம் வெள்ளையாக இருந்தது. அங்கேயே பாய் விரிக்கச் சொல்லிப் படுத்துக்கொண்டாள். சொன்னபடியே பேசவில்லை, சற்று நேரத்தில் தூங்கிவிட்டாள். சலாமும் ஷரபுன்னிசாவும் மணலில் இறங்கித் தண்ணீர் வரை போனார்கள். அவள் அவனைத் தண்ணீருக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, அந்தப் பக்கம் கடந்து போய், அங்கிருந்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். புருஷன் பெயரைச் சொல்வது வழக்கமில்லை. குரல் மணலில் உருண்டு வந்து அவனைத் தொட்டது. அவன் உடனே பதில் சொல்லவில்லை. இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது.

கோடை மழை சொல்லாமல் வந்தது. ஓடிவந்து பார்த்தால் ரஷீதா பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். தூக்கம் முழுதாகக் கலையவில்லை. சலாம் அவளைத் தூக்கப் போனான்.

"எதுக்கு ஓடுறே?" என்றாள் அவள். "மேலே வீடு இருக்கில்ல. நனையாது."

மூன்று பேரும் தொப்பலாக நனைந்துதான் வீடு வந்தார்கள். அடுத்த ஆடியில், நிஜாமுதீனிடம் பேசி, பக்கத்துத் தெருவில் ஒரு மாடிப் போர்ஷனை ரஷீதாவே அவர்களுக்கு வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தாள். அங்கிருந்து ஆறு தெரியாது. வேறொரு வீட்டின் பின்சுவர்தான் தெரியும். ஆனால் அதெல்லாம் பிறகு. மழையில் நனைந்துவந்த அந்த வாரம் ரஷீதாவுக்கு ஜலதோஷம் பிடித்துக்கொண்டது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் எப்படி இப்படி ஆயிற்று என்று கேட்டார்கள்.

"மருமக வீட்டுக்குப் போயிருந்தேன்" என்றாள் ரஷீதா. "ஆத்தங்கரை. நல்ல வீடுதான், காத்துதான் கொஞ்சம் ஜாஸ்தி."